காலி சீட்டைத் தேடிப் பிடிப்பது: லெஸ்டரிலிருந்து குறைந்த செலவில் சார்ட்டர் விமானம்

இங்கிலாந்தின் லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே, லண்டன் ரோட்டில், தாமஸ் குக்கின் சிலை நிற்கிறது. 1841 ஜூலை 5 அன்று இந்த ஊரிலிருந்து லஃபரோவுக்கு ஒரு ரயிலையே மொத்தமாகப் பேசி, ஆளுக்கு 1 ஷில்லிங் வாங்கி, சுமார் 500 பேரை மதுவிலக்குக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனவர் அவர். சார்ட்டர் விமானமும் இதே கணக்குதான். எங்கள் தூத்துக்குடியில் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக ஒருவர் வேன் பேசி, தெருவில் ஆள் சேர்ப்பார். முக்கால்வாசி சீட் நிரம்பினால் வாடகை தேறிவிடும். கிளம்புகிற அன்று காலையிலும் இரண்டு சீட் காலியாக இருந்தால், "இருக்கிறதைக் கொடுத்துட்டு ஏறுங்க" என்பார். விமானத்தில் அந்த இரண்டு சீட்டை எப்போது, எங்கே தேடுவது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் லெஸ்டரில் ஒரு பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். மகளுக்கு 14, மகனுக்கு 10. பள்ளி மூடியிருக்கும் நாட்களில்தான் எங்களால் வெளியே போக முடியும். அதாவது ஊரே கிளம்புகிற, விலை உச்சியில் நிற்கிற நாட்களில். அப்படியும் 2017-லிருந்து ஆறு முறை நான்கு பேரும் வெளிநாட்டுக் கடலில் கால் நனைத்துவிட்டு வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். செப்டம்பரில் வகுப்பில் "விடுமுறைக்கு எங்கே போனீர்கள்?" என்று எழுதச் சொல்வார்கள். அந்தத் தாளில் என் மகள் ஒரு வருடம் வெறுமனே "வீடு" என்று எழுதியிருந்தாள். அன்றுதான் நான் இதைப் படிக்க ஆரம்பித்தேன்.

சார்ட்டர் என்ற சொல்லைத் தேடாதீர்கள்

இணையத்தில் சார்ட்டர் விமானம் என்று தேடினால் பணக்காரர்களுக்குத் தனி ஜெட் வாடகைக்கு விடுகிறவர்கள்தான் முன்னால் வந்து நிற்பார்கள். நமக்கு வேண்டியது அது இல்லை. சுற்றுலாக் கம்பெனி ஒரு சீசன் முழுக்க ஒரு விமானத்தை ஒதுக்கிக்கொண்டு, ஹோட்டலோடு சேர்த்துப் பேக்கேஜாக விற்கும். அதில் மிஞ்சுகிற சீட்டை ஹோட்டல் இல்லாமல் தனியாகவும் விற்கும். அதற்கு இங்கே 'ஃப்ளைட் ஒன்லி' என்று பெயர். தேட வேண்டிய சொல் அதுதான்.

இந்த வியாபாரத்தை பிரிட்டனில் தொடங்கிவைத்தவர் என்று விளாடிமிர் ரைட்ஸைச் சொல்வார்கள். ஹொரைசன் ஹாலிடேஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்து, 1950-ல் லண்டன் பக்கத்து கேட்விக்கிலிருந்து கோர்சிகா தீவின் கால்விக்கு டிசி-3 விமானத்தில் ஆட்களைக் கொண்டுபோனார். விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். இன்று எங்கள் பக்கத்தில் பெரிய கை டூயி (TUI) என்ற சுற்றுலாக் கம்பெனி. தன் விமானங்களிலேயே தன் பேக்கேஜ்காரர்களை ஏற்றிக்கொண்டு, மீதி சீட்டைத் தனியாக விற்கிறது. ஜெட்2 வழக்கமான விமானக் கம்பெனி மாதிரி சீட் விற்றாலும், அதன் சுற்றுலாப் பிரிவின் ஆட்களும் அதே விமானத்தில்தான் வருவார்கள். விமான விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ஸ்கைஸ்கேனர் தளத்தில் இரண்டு கம்பெனியையும் பார்க்கலாம். ஆனால் விலை கண்ணில் பட்டதும், அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அதே விமானத்தை மறுபடி பாருங்கள். டூயி பக்கத்தில் மாதக் காலண்டராகவே விலை தெரியும். எந்த நாள் மலிவு என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும்.

இந்த விமானங்கள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ முறைதான் ஓர் ஊருக்குப் போகும். அதனால் 7 இரவு, 14 இரவு என்றுதான் கணக்கு வரும். சில இடங்களுக்கு 10, 11 இரவுகளும் உண்டு. பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் என்றே தேடுவதால், அந்த 10, 11 இரவுகளில் சில சமயம் நல்ல விலை ஒளிந்திருக்கும். நம் வசதிக்கு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டு மலிவைத் தேடினால் கிடைக்காது. விமானம் போகிற நாளுக்கு நாம் லீவு போட வேண்டும். சனிக்கிழமை காலை 10 மணி விமானம் எல்லாருக்கும் வேண்டும், செவ்வாய்க்கிழமை காலை 6 மணி விமானம் யாருக்கும் வேண்டாம். நாங்கள் எப்போதும் செவ்வாய்க்கிழமைக்காரர்கள்.

விலை இறங்குகிற நேரம்

ஒரு போயிங் 737-800-ல் 189 சீட் வரை இருக்கும். பறக்க வேண்டிய விமானம் பறந்தே ஆகும், காலி சீட்டோடு போனால் நஷ்டம். அதனால் பள்ளி நடக்கிற மாதங்களில், கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போது பார்க்கத் தொடங்கினால், இரண்டு மூன்று வாரத்துக்குள் விலை சரிவதைப் பல முறை கண்டிருக்கிறேன். மே, ஜூன், செப்டம்பர் கடைசி, டிசம்பர் முதல் இரண்டு வாரம், ஜனவரி இவை நல்ல காலம். சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

பள்ளி விடுமுறைக்கு இந்தக் கணக்கு செல்லாது. ஆகஸ்டில் "கடைசியில் இறங்கும்" என்று காத்திருந்து 2018-ல் நாங்கள் எங்குமே போகவில்லை. விடுமுறைக் காலத்துக்கு, அடுத்த வருடக் கோடை விற்பனைக்கு வரும்போதே வாங்கிவிடுவதுதான் சரி. ஒரு வருடத்துக்கும் முன்பே திறப்பார்கள். இரண்டு பெரியவர்கள் பணம் கட்டினால் ஒரு பிள்ளைக்கு இலவசம் என்று பேக்கேஜில் சில இடங்கள் வைத்திருப்பார்கள், அவை அப்போதே தீர்ந்துபோகும்.

நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மகனின் பழைய கணக்கு நோட்டு, பாதிப் பக்கம் காலி. போக நினைக்கிற மூன்று விமானங்களின் விலையை வாரத்தில் இரண்டு முறை, இரவு பாத்திரம் கழுவிவைத்த பிறகு எழுதிவைப்பேன். நான்கு வாரம் எழுதினால் எது சாதாரண விலை, எது இறங்கின விலை என்று கை தானே சொல்லும். "இன்னும் 3 சீட்தான்!" என்று திரையில் சிவப்பாக எழுதியிருப்பதைப் பார்த்துப் பதற மாட்டீர்கள்.

லெஸ்டரில் இருப்பவர்களுக்கு ஒரு தனி வசதி. இந்த ஊரில் ஒரு காலத்தில் பனியன், காலுறை, பூட்ஸ் தொழிற்சாலைகள் நிறைய. ஜூலை முதல் பாதியில் அவை மொத்தமாக மூடி விடுமுறை விடுவார்கள். அந்த வழக்கம் பள்ளிகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் மற்ற ஊர்களில் ஜூலை மூன்றாம் நான்காம் வாரத்தில்தான் பள்ளி மூடும் என்றால், லெஸ்டரில் பல பள்ளிகள் இரண்டாம் வாரத்திலேயே மூடிவிடும். அந்தப் பத்து நாளில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், விலையும் இன்னும் ஏறியிருக்காது. ஒரே ஒரு சிக்கல், பக்கத்து விமான நிலையமான ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் எங்கள் ஊர்க்காரர்களே கூடிவிடுவார்கள். 2024-ல் துருக்கியின் அண்டால்யாவுக்குப் பார்த்தபோது ஈஸ்ட் மிட்லண்ட்ஸிலிருந்து சனிக்கிழமை ஆளுக்கு 312 பவுண்டு காட்டியது. பர்மிங்காமிலிருந்து அதே வாரம் செவ்வாய்க்கிழமை 168. நான்கு பேருக்கு 576 பவுண்டு வித்தியாசம். பர்மிங்காமுக்கு ரயிலில் போன செலவைக் கழித்தாலும் எங்கள் ஒரு மாதக் காய்கறி, மளிகைக்கு மேல் மிஞ்சியது.

இதே சூட்சுமத்தைத் திருப்பிப் போட்டால் ஸ்காட்லாந்து. அங்கே ஜூன் கடைசியில் பள்ளி மூடி ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும். ஆகஸ்ட் கடைசி இரண்டு வாரத்தில் இங்கிலாந்து விமான நிலையங்களில் விலை உச்சியில் இருக்கும்போது, கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் சீட் காலியாகத் தொடங்கும். அங்கே உறவினர் வீடு இருக்கிறவர்கள் இரண்டு நாள் அவர்களோடு இருந்துவிட்டு அங்கிருந்தே பறக்கலாம்.

பள்ளி நடக்கும்போது பிள்ளையைக் கூட்டிப்போய்விட்டு அபராதம் கட்டினாலும் லாபம்தான் என்று சிலர் சொல்வார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்தில் முதல் முறை அபராதம், சீக்கிரம் கட்டினால், ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு. இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளை என்றால் 320. மூன்று வருடத்துக்குள் இரண்டாம் முறை என்றால் 160 வீதம் 640. பணத்தை விடுங்கள், அந்த ஒரு வாரப் பாடத்தைப் பிள்ளை எப்படித் தேடிப் பிடிக்கும் என்பதை நான் தினமும் பள்ளியில் பார்க்கிறேன். அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சீசனின் முதல் விமானமும் கடைசி விமானமும்

இது பலருக்குத் தெரியாது. கிரேக்கத் தீவுகளுக்கும் துருக்கிக்கும் கோடைச் சேவை பொதுவாக மே வாக்கில் தொடங்கி அக்டோபர் கடைசியில் முடியும். சீசனின் முதல் விமானம் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கிட்டத்தட்ட காலி. அங்கே யாரும் இன்னும் போயிருக்கவில்லையே, திரும்பி வர ஆள் ஏது? அதேபோல் அக்டோபரில் கடைசி விமானம் ஆட்களை அழைத்துவரத்தான் போகிறது, போகும்போது காலி. அதனால் அக்டோபர் கடைசியில் போகிற ஒருவழிச் சீட்டும், மே தொடக்கத்தில் திரும்புகிற ஒருவழிச் சீட்டும் மிக மலிவாகக் கிடைக்கும். போன வழியிலேயே திரும்ப வேண்டிய குடும்பத்துக்கு இது உதவாது. ஒரு பக்கம் வேறு கம்பெனியில் வரத் தயாராக இருக்கும் மாணவர்களுக்கும், இளம் ஜோடிகளுக்கும் நல்ல வழி.

ஹோட்டலோடு வாங்கினால் சில நேரம் மலிவு

கேட்டால் நம்ப மாட்டார்கள், ஆனால் சீட் மட்டும் விற்கும் விலையை விட, சின்ன அபார்ட்மெண்டோடு சேர்ந்த பேக்கேஜ் குறைவாக இருந்ததை இரண்டு முறை பார்த்தேன். சீட் மட்டும் வாங்கும்போது பெட்டிக்குத் தனிக்காசு, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக டாக்ஸிக்குத் தனிக்காசு. ஜெட்2ஹாலிடேஸ் பேக்கேஜில் 22 கிலோ பெட்டியும் ஹோட்டல் வரை பஸ்ஸும் விலையிலேயே அடங்கும். டூயியில் சில மலிவான பேக்கேஜ்களில் இவை இருக்காது, டிக் செய்து சேர்க்க வேண்டும். அதனால் இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள்: சீட், பெட்டி, இருக்கை எண் (குடும்பம் சேர்ந்து உட்கார), டாக்ஸி, தங்குமிடம், இங்கே விமான நிலையம் போகும் செலவு. 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு எகானமி வகுப்பில் விமானப் பயணி வரி கிடையாது. பிள்ளையின் விலை பெரியவர் விலையைப் போலவே இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

சமையலறை உள்ள இடமாக எடுத்தால் ரசப்பொடி, பருப்புப்பொடி, அரிசி கொண்டுபோகலாம். ஸ்பெயின், கிரேக்கம் போனால் நெய் பாட்டிலையும் சேர்த்து அடுக்கப் பார்ப்பீர்கள். பிரிட்டனிலிருந்து பால் பொருட்கள், இறைச்சி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய்யும் பால் பொருள்தான், வீட்டிலேயே இருக்கட்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு

எங்கள் பிள்ளைகள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், நாங்கள் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட். மலிவு டிக்கெட் வாங்கி ஏமாந்துபோகும் நம்மவர்களில் பாதிப்பேர் விழுவது இந்தக் குழியில்தான். இங்கே நிரந்தரமாக வாழ்வதால் மட்டும் ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ விசா இல்லாமல் போய்விட முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பெரியவருக்குக் கட்டணம் 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. அப்பாயிண்ட்மெண்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். கையில் விசா இல்லாமல் கடைசி நேரச் சீட்டை வாங்காதீர்கள். ஆனால் ஒரு வருடம் பல முறை போய்வரும் விசா கிடைத்தால் அந்த வருடத்தைப் பிழிந்துவிடுங்கள். 2023-ல் எங்களுக்கு அப்படிக் கிடைத்தது. பிப்ரவரி அரைவிடுமுறைக்கு லான்சரோட்டி, அக்டோபருக்கு மயோர்கா, இரண்டு ஸ்பெயின் தீவுகளும் அதே விசாவில்.

துருக்கிக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. அவர்கள் போய் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் 150 நாளாவது செல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள், செல்லுபடியாகும் பிரிட்டன் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால், ஒரு முறை போய் 30 நாள் தங்கும் இ-விசா எடுக்கலாம். அதற்குத் துருக்கி அரசின் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதே தோற்றத்தில் இரட்டிப்புக் காசு வாங்கும் தரகர் பக்கங்கள் பல. நம் குடியிருப்பு அட்டை போய் எல்லாம் ஆன்லைனாக மாறிவிட்டதால், செக்-இன் ஊழியருக்கு எதைக் காட்ட வேண்டும் என்று டிக்கெட் வாங்கும் முன்பே விமானக் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

செவுளைப் பார்த்து வாங்குங்கள்

என் அப்பா திரேஸ்புரத்தில் மீன் வியாபாரம் செய்தார். "விலையைக் கேட்கறதுக்கு முன்னாடி செவுளைத் தூக்கிப் பாரு" என்பார். அதை மறந்துதான் 2016-ல் நான் 640 பவுண்டை இழந்தேன். தெரிந்தவர் மூலம் வந்த ஒரு ஏஜென்ட், பெயர் வேண்டாம், நான்கு சீட் நம்ப முடியாத விலைக்குத் தருவதாகச் சொல்லி, பணத்தை நேராக வங்கிக் கணக்கில் போடச் சொன்னார். ரசீதில் அட்டால் (ATOL, விமானச் சுற்றுலா விற்பவர்களுக்கான உரிமம்) எண் அச்சாகியிருந்தது. நான் அந்த எண்ணைச் சோதிக்கவில்லை. பிறகு பார்த்தால் அது வேறு ஏதோ கம்பெனியுடையது. டிக்கெட்டும் வரவில்லை, பணமும் வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை, கூடுதல் ஷிஃப்ட் எடுத்து ஓட்டினார். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

பிரிட்டனில் விமானம் சேர்ந்த சுற்றுலாவை விற்பவர் அட்டால் உரிமம் வைத்திருக்க வேண்டும். 1973-லிருந்து இருக்கிற பாதுகாப்பு இது. கம்பெனி திவாலானால், கிளம்பாதவருக்குப் பணம் திரும்பும், போனவருக்கு வீடு திரும்ப வழி கிடைக்கும். 2019 செப்டம்பர் 23 அன்று, இதே லெஸ்டரில் வேர்விட்ட தாமஸ் குக் கம்பெனியே மூடப்பட்டது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட சுமார் 1,50,000 பேரை அரசும் விமானப் போக்குவரத்து ஆணையமும் விமானங்கள் ஏற்பாடு செய்து கூட்டிவந்தார்கள். 178 வருடக் கம்பெனிக்கே அந்த நிலை என்றால், நேற்று முளைத்த ஏஜென்டை நம்பிப் பணம் போடும் முன் இரண்டு நிமிடம் செலவழிக்கலாம்.

செய்ய வேண்டியது இது. ஏஜென்ட் தரும் அட்டால் எண்ணை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் நீங்களே அடித்து, பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். பணம் கட்டிய உடனே அட்டால் சான்றிதழ் கைக்கு வர வேண்டும், "நாளைக்கு அனுப்புகிறேன்" என்றால் கட்டாதீர்கள். சான்றிதழில் பேக்கேஜா, ஃப்ளைட் ஒன்லியா என்று எழுதியிருக்கும், நீங்கள் வாங்கியது அதுதானா என்று படியுங்கள். விமானக் கம்பெனியிடம் நேராக வாங்கும் வெறும் சீட்டுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே கிரெடிட் கார்டுதான் துணை: 1974-ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு கார்டு கம்பெனியும் பொறுப்பு. சீட் 90 பவுண்டு என்றால் அது பொருந்தாமல் போகலாம், கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வங்கியிடம் சார்ஜ்பேக் கேட்கும் வழி மட்டும் இருக்கும். வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பச் சொல்கிறவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

பயணக் காப்பீட்டை டிக்கெட் வாங்கிய அன்றே எடுங்கள், கிளம்பும் வாரத்தில் இல்லை. வாரத்துக்கு ஒரு விமானம் என்பதால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது ஏழு நாள் கழித்துத்தான். நேரத்தையும் மாற்றுவார்கள், மின்னஞ்சலைத் தவறாமல் பாருங்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: ஈஸ்ட் மிட்லண்ட்ஸுக்குக் காரை ஓட்டிப்போய் ஒரு வாரம் நிறுத்தும் காசு சில நேரம் ஒரு சீட் விலையைத் தொட்டுவிடும். லெஸ்டரிலிருந்து ஸ்கைலிங்க் பஸ் இரவு முழுக்க ஓடுகிறது. காலை 6 மணி விமானத்துக்கு நாங்கள் அதில்தான் போவோம். பிள்ளைகள் ஜாக்கெட்டோடு தூங்கிவிடுவார்கள்.

விமானம் தாமதமானால் பேசாமல் வந்துவிடாதீர்கள். சார்ட்டருக்கும் அதே சட்டம்தான். பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானம் அண்டால்யா போன்ற 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் தூரத்து ஊருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், தவறு கம்பெனியுடையது என்றால், ஆளுக்கு 350 பவுண்டு கேட்கலாம். பிள்ளைகளுக்கும் சேர்த்து. புயல், பனி போன்ற காரணங்களுக்குக் கிடைக்காது. துருக்கியிலிருந்து திரும்பும்போது அது பிரிட்டன் அல்லது ஐரோப்பியக் கம்பெனி விமானமாக இருந்தால்தான் இது பொருந்தும், துருக்கிக் கம்பெனி என்றால் இல்லை. போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாமல், தாமதத்தைக் காட்டும் பலகையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஆறு வருடம் வரை கேட்க நேரம் இருக்கிறது.